வண்டுச் சத்தம்

மூன்றாவது தடவையாக வந்து நின்ற மெக்கானிக்கை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பப் பார்த்தாள் டைப்பிஸ்ட்.

அந்தச் சின்ன அச்சகத்தில் எல்லோருக்கும் அவள்மேல் வருத்தம். அவளுடைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குட்டி ஃபேன், பாட்டிலில் அடைபட்ட வண்டு மாதிரி காலையிலிருந்து சாயங்காலம் வரை ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சத்தத்தில் அறையே மெல்ல மிதப்பது போலிருக்கும். ஜன்னல் வெளிச்சம், அதில் பறக்கும் காகிதத் தூசி, ஆட்களின் தலை, எல்லாம் ஒரே தாளத்தில் அசையும். ஒருநாள் பைண்டர் அப்படியே கண்ணயர்ந்து, தேனீ துரத்துவதாகக் கனவு கண்டு, பசை வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுவிட்டார்.

அவளுக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. முதல் தடவை மெக்கானிக் வந்தபோது, நல்லாத்தானே ஓடுது என்றாள். அடுத்த தடவை, அவசர வேலை இருக்கிறது என்றாள். கடவுள் இவளுக்குக் காதை எங்கே வைத்தார் என்று பைண்டர் அவள் காதுபடவே கேட்டார்.

"இன்னிக்கும் தோதுப்படாதுங்க சார்," என்றாள்.

மெக்கானிக் நரைத்த மீசைக்காரர், பொறுமைசாலி. பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, அது ஒருநாள் ஓடாம நின்னுடும். அப்ப மதர்போர்டு சூடாகிப் பொசுங்கிடும். உங்க வேலை எல்லாமே போயிடும்."

வேறு வழி தெரியாமல், வயரைக் காட்டுகிற சாக்கில் மேசைக்கடியில் குனிந்து, அவரிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

பக்கத்து மேசைப் புரூஃப் ரீடர் அண்ணனைப் பற்றித்தான். பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர். மூன்று மாதமாகத்தான் மறுபடி வேலைக்கு வருகிறார். கைகால் தேறிவிட்டது, வாசிப்புதான் இன்னும் திரும்பவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல எழுத்து எழுத்தாகக் கூட்டி, முணுமுணுத்துத்தான் வாசிக்கிறார். அவரால் முடிக்க முடியாத பக்கங்களை இவள் தன் வேலையோடு சேர்த்துப் பார்த்துவிடுகிறாள். அது வெளியே தெரியாது. ஆனால் அந்த முணுமுணுப்பு மேனேஜரம்மா காதில் விழுந்தால், அன்றோடு அவர் வேலை போய்விடும். அவர் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

"நான் தினமும் கடவுள்கிட்ட என்ன வேண்டிக்கறேன் தெரியுமா சார்? இந்த ஃபேன் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கத்தட்டும்னுதான்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அதை மெக்கானிக் கண்ணாலேயே அவளுக்குக் காட்டிவிட்டு, பெட்டியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

போர்டை வெளியே எடுத்தார். பின்பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் ஊசிகளைக் குறட்டால் அழுத்தியதும் பழைய ஃபேன் பொலபொலவென்று தூசியோடு கையில் வந்தது. சிப்பின் மேல் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்து, புதுப்பசை கடுகளவு தடவி, புது ஃபேனை அழுத்தி உட்காரவைத்தார். எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஸ்விட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை.

தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்த மாதிரி இருந்தது எல்லோருக்கும். தெருவில் ஒரு சைக்கிள் மணி. மாடியில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். சுவரில் கடிகாரம் ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

கடவுளே, அண்ணன் இப்போது வாயைத் திறக்காமல் இருக்கட்டும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலை முடிந்தால் புகார்ச் சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும், புகார் கொடுத்தவரிடம்தான் வாங்க வேண்டும் என்பது மெக்கானிக்குடைய வழக்கம். அவர் நேரே மேனேஜரம்மா அறைக்குப் போவார் என்று நினைத்தாள். அவரோ புரூஃப் ரீடரின் மேசைக்குப் போய்ச் சீட்டை நீட்டினார்.

வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டு அண்ணனுக்குப் பழக்கமில்லை. முப்பது வருஷத் தொழில். முதல் எழுத்தின் கீழ் விரலை வைத்தார்.

"ஃபே... ன்... ச... த்... தம்..."

அவள் இருமினாள். நாற்காலியைத் தரையில் உரச இழுத்தாள். மறுபடி பலமாக இருமினாள்.

"நான் வா... சி... ப்பது... என் கா... தி... லேயே... விழ... வில்லை."

இருமல் பாதியில் நின்றது.

தன் குரல் தன் காதில் விழுந்தால்தான் வாசிப்பு சீக்கிரம் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அடுத்த வரியில் அண்ணனே எழுதியிருந்தார். அதற்கும் கீழே இருந்தது மேனேஜரம்மா எழுதிய குறிப்பு. அதையும் அவர் விடவில்லை.

"எவ்... வளவு நா... ளானாலும்... இவர் இங்... கேயே வாசித்துப் ப... ழகட்டும். ஃபேனை உ... டனே மாற்... றவும்."

தேதி, இரண்டு மாதத்துக்கு முந்தையது.

பைண்டர் தலையைக் குனிந்துகொண்டு, கையிலேயே இருந்த நூல்கண்டை மேசையெல்லாம் தேடினார்.

புரூஃப் ரீடர் கையெழுத்துப் போட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு டைப்பிஸ்டைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருக்குபோலன்னு நானும் புகார் எழுதிக் குடுத்ததோட இத்தனை நாள் சும்மா இருந்துட்டேம்மா. இனிமே இருமாதே. என் குரல் எனக்குக் கேக்கணும்."