பாறையடிப் பெட்டி

"ஏன்யா ஆர்விட், மொத்தத்தையும் எரிச்சுட்டியா?"

வெர்னா காரை விட்டு இறங்கும்போதே கத்தினாள். கலப்பையே படாத நாற்பது ஏக்கர். ஆளுயரப் புல் நின்ற அந்த வெளி, வேலிக்கு அப்பால் கரியாய்க் கிடந்தது.

அந்தப் புல்வெளியைப் பராமரிக்கும் ஆர்விட் தன் ட்ரக்கில் சாய்ந்து பூட்ஸிலிருந்த சாம்பலைத் தட்டினார்.

"நேத்து காத்து வாகா இருந்தது, கொளுத்தியாச்சு. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் எரிச்சாத்தானே இது புல்வெளி? இல்லேன்னா மரம் மண்டிடும். அயோவாவுல பொறந்தவளுக்கு நான் சொல்லணுமா?"

"உள்ளே எங்க பெட்டி இருந்ததே!"

"அது வந்து, வெர்னா..."

"பேசாதே! அதை இங்க வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கு ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு நின்னவன்தானே நீ? 'பெருசுங்க ஒளிஞ்சு விளையாடவா இந்தப் புல்லு'ன்னு ஊரே சிரிக்கப் பேசினியே! என் வீட்டுக்காரர் போனதும் பழி தீத்துக்கிட்டே."

பதிலுக்கு நிற்காமல் கரிக்குள் இறங்கி நடந்தாள்.

பெரிய பாறையடியில் அவளும் கணவன் ஹார்லனும் சேர்ந்து ஒளித்து வைத்த பெட்டி அது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் கைபேசியில் இடக்குறிப்பைப் பார்த்துக்கொண்டு தேடி வருவார்கள். கண்டுபிடித்தவர் உள்ளேயிருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நோட்டின் முதல் பக்கத்தில் ஹார்லனின் கையெழுத்து. 'நான்தான் முதல். வெர்னா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறாள்.'

அவர் போய் ஆறு வருஷம். அந்த ஒரு வரிக்காக இன்று நூற்றைம்பது மைல் ஓட்டி வந்திருந்தாள்.

பாறையடியில் கையை விட்டாள். சாம்பல்தான் வந்தது. இரும்புப் பெட்டியே ஆனாலும் உள்ளே இருப்பது காகிதமாச்சே என்று கரிக்குள் நடக்கும்போதெல்லாம் பயந்தாள். இங்கே பெட்டியே இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். ஆர்விட் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்துகொண்டிருந்தார். கையில் பச்சை இரும்புப் பெட்டி.

"எங்க சொல்ல விட்டே?" என்றார். "நீ இவ்வளவு வேகமா நடப்பேன்னு ஹார்லன் எழுதலையே."

வெர்னா பெட்டியை வாங்கி நோட்டைத் திறந்தாள். முதல் வரி அப்படியே இருந்தது. பக்கங்களைப் புரட்டினாள். நெப்ராஸ்கா, டெக்சஸ் என்று யார் யாரோ. நடுநடுவே ஒரே பென்சில் எழுத்து, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்.

'நாளை எரிப்பு. எடுத்தேன். ஆ.'

'சூடு ஆறியது. வைத்தேன். ஆ.'

கடைசியாக முந்தாநாள் தேதி. 'நாளை எரிப்பு. எடுத்தேன்.' அதற்குக் கீழே வெற்றுத் தாள்.

"நீதான் வேண்டாம்னு சொன்னவனாச்சே," என்றாள்.

"இப்பவும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா வச்சது வச்சாச்சு. வச்சவனும் போயிட்டான். அவன் எழுதினதை வர்றவங்க படிச்சுச் சிரிச்சுட்டுப் போறாங்க. அதை நான் கொளுத்துவேனா?" சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். "எனக்கு முட்டி மடங்கலை. நீயே வச்சுட்டு எழுதும்மா."

வெர்னா பென்சிலை வாங்கிக்கொண்டாள்.

பிறகு எழுதினாள். 'சூடு ஆறியது. வைத்தேன். வெ.'

பெட்டியை மூடிப் பாறையடியில் தள்ளினாள். அந்த முதல் பக்கத்தை வெட்டி எடுத்துப் போகக் கொண்டுவந்திருந்த கத்தரிக்கோல், கைப்பைக்குள் அப்படியே கிடந்தது.