முள் நசுங்கிய பழம்

மூன்றாவது பழத்தின் சுளையையும் பாதியில் கீழே வைத்துவிட்டு, விவசாய இலாகா அதிகாரி ரஸாலி விரலைத் துடைத்துக்கொண்டார்.

"மோசமில்ல. ஆனா சந்தையில கெடைக்கிற சாதா டுரியான்தான். இத புது ரகம்னு பதிய முடியாதுங்க."

தோட்டத்துச் சொந்தக்காரன் பூன் லெக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி மேல் அல்ல, மரத்தின் மேல். போன பருவத்தில் இதே மரத்தடிப் பள்ளத்தில் பொறுக்கிய பழம், முதலில் லேசாகக் கசந்து, பிறகு தொண்டைவரை இனித்தது. பாலிக் பூலாவ் மலையில் அப்படியொரு டுரியானை அவன் அதுவரை தின்றதே இல்லை.

"போன வருஷம் நீங்க சாப்பிட்டிருக்கணும் சார். முள்ளெல்லாம் நசுங்கி, மண்ணு அப்பி, பாக்க அசிங்கமா இருக்கும். உள்ள அமுதம்."

"எல்லாப் பழமுமா?"

"எல்லாம்னு சொல்ல முடியாது. சிலது இதே மாதிரி சப்புனுதான் இருந்துச்சு. மழையில கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

அந்த நம்பிக்கையில்தான், சோறு போட்டுக்கொண்டிருந்த ஜாதிக்காய் மரங்களைப் பிடுங்கிப்போட்டு, தோட்டம் முழுக்க இந்த மரத்தின் ஒட்டுக் கன்றுகளை நட்டிருந்தான். இலாகா பெயர் பதியாவிட்டால் அத்தனையும் வெறும் விறகு.

மரத்துக்கு அவன் என்னதான் செய்யவில்லை? கோழி எரு கொட்டினான். பழம் அடிபடாமலிருக்கச் சுற்றிலும் வலை கட்டினான். வெயிலை மறைத்துக்கொண்டிருந்த மேட்டுத் தோட்டத்து டுரியான் மரம்கூட, அவன் அதிர்ஷ்டம், போன பருவம் முடிந்ததுமே வெட்டுப்பட்டுப் போயிற்று.

"அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ரஸாலி ஜீப்பில் ஏறினார்.

மனைவி கியோக் எங் மிச்சச் சுளைகளை டப்பாவில் வழித்துப் போட்டாள். "பேருகூட வச்சியே, பூன் லெக் ராஜான்னு. ராஜாவ வெல்லம் போட்டுக் கிண்டிடவா?"

"சும்மா இரு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இந்த மரத்த வெட்டிச் சாய்ச்சிருவேன்."

அந்த நேரம் பார்த்து மேட்டுத் தோட்டத்து ஆ லான் அக்கா சரிவில் இறங்கி வந்தாள். கையில் அவனுடைய மரம் அறுக்கும் மெஷின். இரவல் வாங்கிப்போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் காலில் இடறிய கல் ஒன்று உருண்டு வந்து வலையில் முட்டி நின்றது.

"கோவிச்சுக்காத தம்பி. தரணும் தரணும்னு நெனச்சு மறந்தே போச்சு."

"சரியான நேரத்துக்குத்தான் கொண்டாந்திருக்க" என்று முறைத்தபடி வாங்கிக்கொண்டான். "உன் மரம் நின்னிருந்தா, நெழல் பட்டுத்தான் என் பழம் கெட்டுச்சுன்னு உன்மேலயாவது பழியப் போட்டிருப்பேன். இப்ப யாரச் சொல்ல? ஆமா, காய்க்கிற மரத்தப் போய் எதுக்குக்கா வெட்டின?"

ஆ லான் அக்கா சலிப்போடு கையை விரித்தாள்.

"காய் தொங்கி என்ன பிரயோசனம் தம்பி, விடிஞ்சு போய்ப் பாத்தா மரத்தடிச் சரிவுல ஒரு பழம் கெடக்காதே."