பனிக்கட்டி தேர்ந்தெடுத்த கையேடு

சர்பத் கடைப் பெஞ்சில் ஒரு பனிக்கட்டி உட்கார்ந்திருந்தது. தான் எவ்வளவு வேகமாகக் கரைகிறோம் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு, சரியான நேரத்தில் கோணிச்சாக்குக்குள் போய்விட வேண்டும் என்பது அதன் திட்டம். வேகம் நொடிக்கு நொடி மாறுவதால் நுண்கணிதம் படித்தாக வேண்டும். பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் தொடக்கநிலைக் கையேடுகள் அடுக்கியிருந்தன.

"முதல்ல உள்ள வாங்க. உள்ள உட்கார்ந்தே படிக்கலாம்," என்றது சாக்கு.

"கணக்குத் தெரியாம ஒதுங்குறது கோழைங்க வேலை. எதுல ஆரம்பிக்கிறதுன்னுதான் பார்த்துட்டிருக்கேன்."

பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. குண்டுப் புத்தகம் மிரட்டியது. படம் போட்டது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. இன்னொன்றில் கடைசியில் விடைகள் இல்லை. அடிப்படை கோணலாகிவிட்டால் ஆயுசுக்கும் கோணல்தானே என்று கவலைப்பட்டு எலுமிச்சம்பழத்திடம் யோசனை கேட்டது. முதல் அத்தியாயத்தோடு படிப்பை விட்டிருந்த எலுமிச்சை, வெகுநேரம் யோசனை சொன்னது.

இழுத்துப் போர்த்திவிடலாமா என்று சாக்கு நினைத்தது. படிக்கப் போகிறவரைத் தொந்தரவு செய்வானேன் என்று சும்மா இருந்துவிட்டது.

வெயில் பெஞ்சில் ஏறியபோது பனிக்கட்டி முடிவுக்கு வந்தது. "அந்த மெல்லிசான நீல அட்டை. அதுதான் நமக்குச் சரி."

நீலக் கையேடு பூரித்துப்போய் பெஞ்சுக்குத் தாவி வந்து சுற்றுமுற்றும் பார்த்தது. "யாருங்க கூப்பிட்டது?"

"குனிஞ்சு பாருப்பா," என்றது சாக்கு. "உன் அட்டையில ஊறிக்கிட்டிருக்காரே, அவர்தான்."