பேய் ஏறும் பலகை

அன்று மழை என்கிறார்கள். எனக்கு வெயில்தான் நினைவிருக்கிறது, அதுவும் தவறாக இருக்கலாம். ஆனால் அந்தப் பலகையின் கனத்தை என் தோள் மறக்கவில்லை.

ஜப்பானில், ஒசாகாவில் எங்கள் கபுகி நாடகக் கொட்டகையில், கூட்டத்தின் நடுவே மேடைக்குப் போகும் பாதையில் ஒரு திறப்பு உண்டு. பேய் வேஷங்கள் மட்டுமே அதன் வழியாக மேலே வரும், மனித வேஷம் வராது. கீழேயிருந்து நாங்கள் நான்கு பேர் பலகையைத் தூக்குவோம்.

எதிரே புதுக் கொட்டகை வந்ததும் எங்களுக்குக் கூட்டம் பாதியானது. நடிகரும் மேனேஜருமான ஹமாஜிரோ, ஒருநாள் அரிசி வியாபாரி வேஷத்தில் வந்து பலகையில் ஏறி நின்றார்.

"மொதலாளி, இது பேய் வர்ற வழி," என்றார் எங்கள் நால்வரில் மூத்தவரான கன்சுகே.

"கூட்டம் வரலேன்னா நாம எல்லாருமே பேய்தான்யா. தூக்கு!"

தூக்கினோம். வழக்கமாக நால்வருக்கும் மூச்சு வாங்கும். அன்று ஆளில்லாத பலகைபோல் ஏறியது. மேலே அவர் காலடி கேட்டது. பிடித்த நடிகரைப் பாராட்டும் வழக்கப்படி, கூட்டம் அவர் பரம்பரைப் பெயரைச் சொல்லிக் கூவியது.

"மொதலாளி எளைச்சிட்டாரோ?" என்றான், என் பக்கத்தில் தூக்கிய இசோகிச்சி.

மறு வருடம் எதிர்க் கொட்டகையை மூடிவிட்டார்கள். கன்சுகே சொந்த ஊருக்குப் போனார். மற்ற இருவரும் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஹமாஜிரோ தினமும் நிறைந்த கொட்டகையில் நடிக்கிறார். நான் ஒருவன்தான் அவரைத் தூக்குகிறேன். ஒரு கை போதும்.