அந்தப் பக்கத்துக் குழி

கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டும் அந்த இயந்திரத்தால் பின்னால் போக முடியாது. பாறையைக் குடைந்தபடியே தனக்குப் பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டு அது முன்னேறும். அந்த வளையங்கள் அதன் உடம்பைவிடக் குறுகலானவை. மறுமுனையில் குழி வெட்டித் தூக்கினால்தான் அது வெளியே வர முடியும்.

கூடவே ஒரு பெருச்சாளி வந்துகொண்டிருந்தது. வேலை நிற்கும் நேரங்களில் இயந்திரம் அதனிடம் கேட்கும்: “அந்தப் பக்கம் குழி வெட்டிட்டாங்களா?”

மேலே வீடுகள் நெருக்கமாக இருப்பதால் குழி வேண்டாம், மோட்டார்களை மட்டும் கழற்றிக்கொண்டு மற்றதைப் பாறையிலேயே விட்டுவிடலாம் என்று பொறியாளர்கள் பேசியதைப் பெருச்சாளி கேட்டிருந்தது.

“பாதி வெட்டியாச்சுண்ணே,” என்றது. அடுத்த வாரம், “ஏணி இறக்கிட்டாங்க” என்றது. அதற்கடுத்த வாரம், “வாழைமரம் கட்டுறாங்க.”

ஒருநாள் இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஆட்கள் வந்து முதல் மோட்டாரைக் கழற்றத் தொடங்கினார்கள். பெருச்சாளி ஓரமாக நின்றது.

“பொய் சொல்லிட்டேண்ணே.”

“தெரியும்டா. இந்தப் பாறையில யாரு எங்க உளி வெச்சாலும் என் பல்லுக்குத் தெரிஞ்சிடும். அந்தப் பக்கம் ஒருத்தனும் வெட்டலை.”

“அப்புறம் ஏன் தினமும் கேட்டீங்க?”

இரண்டாவது மோட்டாரும் கழன்றது.

“சரி, இன்னிக்கு அங்க என்ன நடக்குது?” என்றது இயந்திரம்.

பெருச்சாளி நெருங்கி வந்து, அதன் இரும்பில் சாய்ந்து உட்கார்ந்தது.

“மேளக்காரங்க வந்துட்டாங்கண்ணே. ஒவ்வொருத்தரா இறங்கிட்டிருக்காங்க.”