கவிதைக்கு விட்ட இடம்

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் கவிதை ஒன்றுதான் பாக்கி.

கம்ப்யூட்டர் திரையில் அவன் பெண்டாட்டி பவுனம்மாள் இருந்தாள். ஆதார் அட்டைப் படம். அச்சகத்து முபாரக் அதைப் பெரிதாக்கி, பின்னால் மேகம் வைத்திருந்தான். நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியம்.

"நாலு வரி சொல்லுண்ணே. உனக்கென்ன, வாயத் தொறந்தா கொட்டும்."

கொட்டத்தான் செய்தது.

விளக்காய் வந்தாய் வீட்டுக்கு, விட்டுப் போனாய் காட்டுக்கு.

"ஜோருண்ணே!"

அது போன தையில் அரிசி மண்டிக்காரர் சம்சாரத்துக்கு எழுதிக் கொடுத்தது.

"அழி."

அடுத்ததும் வந்தது. அது வாத்தியார் வீட்டம்மாவுக்குப் போனது.

"அதையும் அழி."

பதினெட்டு வருஷமாகப் பகலில் கொத்து வேலை. ஊரில் எவள் செத்தாலும் போஸ்டரில் அவன் பாட்டு. எவளையும் அவனுக்குத் தெரியாது. எதுகை பிசகியதில்லை.

இவளைத் தெரியும். கலவைச் சட்டியோடு மூன்று மாடி ஏறி இறங்கிய கால். சிமெண்ட் தின்ற விரலிடுக்கு.

எதுவும் எதுகைக்குள் உட்கார மாட்டேன் என்றது.

போன மாசியில், தளம் போட்டு முடித்து எல்லோரும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் எழுதுற. எனக்கு ஒண்ணு எழுதுனா கொறஞ்சா போயிருவ?"

"நீ செத்துப் போ. எழுதித் தர்றேன்."

சித்தாள்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும்தான். சிரித்துக்கொண்டே தன் பாதி முட்டையை அவன் தட்டில் தள்ளினாள்.

அவன் தின்றான்.

"அண்ணே, என்னதான் போட?"

"ஒண்ணும் போடாத. எடத்த அப்படியே வுடு."

"வெறுமனேயா? பாக்குறவன் என்ன நெனப்பான்?"



மறுநாள் விடிந்ததும், வேலைக்கு ஆள் எடுக்கும் முக்குச் சுவரில் அவனே பசை தடவி ஒட்டினான். சித்தாள்கள் சட்டியோடு நின்றிருந்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள். படத்தைப் பார்த்தார்கள். அதன் கீழே வெள்ளையாகக் கிடந்த கட்டத்தையும் பார்த்தார்கள்.



வெள்ளைக்கு நடுவில், தாளுக்கடியில் காற்று புடைத்து நின்றது. பூச்சுக் கரணை பிடித்துக் காய்த்த கையால் நீவினான்.

அமுங்கவில்லை.

திரும்பவும் நீவினான்.