லங்காவியில் ஒரு வாடகைக் கார்

"ஸ்வாதி, சீட் பெல்ட் போட்டியா? வண்டிய எடுக்கப் போறேன்."

"போட்டாச்சுங்க. எடுங்க."

அசோக்குமார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மடியில் இருந்த காலித் தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல இடப்பக்கம் திருப்பினான். அவள் சோற்றுக் கிண்ணத்தோடு கட்டிலுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மலேசியாவின் லங்காவித் தீவில் நடந்த கார் விபத்தில் அவனுக்குக் கண் இரண்டும் போய்விட்டன. தலையில் பட்ட அடியில் ஞாபகமும் அந்தத் தீவோடு நின்றுவிட்டது. சிங்கப்பூரில் கப்பல் ஏறியது, தீவு தீவாக இறங்கிப் பார்த்தது, லங்காவியில் கப்பல் துறையிலேயே கார் வாடகைக்கு எடுத்தது எல்லாம் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் மனதில் தங்குவதில்லை. பொழுது சாய்ந்தால் அந்தக் காரை எடுத்துவிடுவான். ஸ்வாதியின் குரல் பக்கத்தில் கேட்டால்தான் ஒரு வாய் சோறு உள்ளே இறங்கும்.

"இடது பக்கம் என்ன தெரியுது?"

ஜன்னலுக்கு வெளியே கம்பெனிச் சுவரும், ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸும்தான் தெரிந்தன. போனில் பார்த்த படங்களை அவள் மனதுக்குள் தேடினாள்.

"கடலுங்க. பச்சையா இருக்கு."

"கப்பல்ல வரும்போது நீலம்னு சொன்ன?"

"இன்னைக்கு மேகம் மூடியிருக்கில்ல, அதான். வாயத் திறங்க."

வாங்கி மென்றான். வெளியே பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"எவன் அவன், பின்னாடி இந்த அடி அடிக்கிறான்?"

"நம்ம ஓசூர்க்காரனாத்தான் இருக்கும்."

அசோக்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் இன்னும் இரண்டு வாய் ஊட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வாசலில் நின்று கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் கிண்ணத்தோடு எழுந்து போனாள்.

"அக்கா, நாளைக்கு உத்தனப்பள்ளிக்குப் போறதானே? சொந்தம் எல்லாம் வந்துடும். நீ இல்லாம எப்படிக்கா?"

"இவருக்குச் சோறு?"

"நான் போடறேன். ஒரு நாள்தானே?"

"போன வாரம் போட்டியே, பாத்தோமே."

"ஆமாக்கா, தட்டு என் தலைக்கு மேல பறந்துச்சு." கெம்பம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவரோட அண்ணன் ஹோம்ல சேக்கறேன்னு சொல்றாரில்ல? விட்டுட்டுப் போயேன். நீ பட்டது போதாதா? வேற ஒருத்தியா இருந்தா இந்த ஆளு மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டா."

"ஹோம்ல விட்டா பட்டினியிலயே போயிடுவாரு, கெம்பம்மா."

"அப்போ நாளைக்குப் போகலையா?"

அவள் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நாளை அங்கே போகாமல் இருந்தால் ஆயுசுக்கும் மனம் ஆறாது. போனாலோ, இங்கே ஒருவன் காய்ந்து கிடப்பான்.

"யாரு ஸ்வாதி அது?" உள்ளேயிருந்து கேட்டான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். "யாரோ வழி கேட்டாங்க."

"நமக்கே தெரியாது. நம்மகிட்ட வந்து கேக்கறாங்க பாரு." சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். தட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. "மழை வருது ஸ்வாதி."

எல்லா நாளும் பயணம் இந்த மழையில்தான் வந்து நிற்கும்.

"மெதுவாப் போங்கன்னு சொன்னியே. நான்தான் கேக்கல. காலி ரோடுதானேன்னு... ஸ்வாதி! உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலைங்க. பக்கத்துலதானே இருக்கேன்."

"என் மேல கோபமா?"

தினமும் கேட்கிற கேள்விதான். தினமும் உடனே பதில் சொல்லிவிடுவாள். இன்று கிண்ணத்துச் சோற்றை விரலால் பிசைந்துகொண்டே இருந்தாள். உண்மையை ஒரே ஒரு முறை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் என்ன? அவளுக்குள் எரிகிற நெருப்பில் ஒரு பொறியையாவது அவன் மேல் போட்டால் என்ன?

"சொல்லு ஸ்வாதி."

"கோபம் இல்லைங்க."

"சத்தியமா?"

அவள் கண்களை மூடிக்கொண்டாள். "சத்தியமா."

நிம்மதியாக மூச்சு விட்டவன், அவள் கையைத் தேடித் துழாவினான். துழாவிய கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவள் வாசலுக்குப் போய் போனை எடுத்து உத்தனப்பள்ளிக்குப் பேசினாள்.

"நாளைக்கு நான் வரலைங்க."

எதிர்முனையில் மாடசாமி வெடித்தார். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா, சரஸ்வதி? நாம பெத்த மகளோட மொத வருசத் திதிடி! அதுக்கு வராம, அவளக் கார்ல கூட்டிட்டுப் போய்ச் சாகடிச்சவனுக்கு அங்க சோறு ஊட்டிக்கிட்டு இருக்கப் போறியா? உனக்குக் கோபமே வராதா?"

"வருதுங்க. வயிறு பத்தி எரியுது." சரஸ்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன்ல பேசினா மகளா, அம்மாவான்னு உங்களுக்கே குழம்புமே, அந்தக் குரலத்தான் மாப்பிள்ளை ஸ்வாதின்னு நம்பிக்கிட்டு இருக்கார். கோபமான்னு அவர் கேக்கறது அவகிட்டங்க. நம்ம பொண்ணு அவர் மேல ஒரு நாளும் கோபப்பட்டதே இல்லையே, நான் என்னன்னு சொல்லட்டும்?"